ஓடாத டிராமும் கூடாத மதுவும்: 1952 சென்னையைக் காட்டும் கொலைத் தொடரில் காலப் பிழைகள்

கேள்வி, 6 ஜனவரி
1952 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையில் நடப்பதாக வரும் அந்தக் கொலைத் தொடரின் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். அம்பாசடர் கார் ஒன்றைத் தவிர அதில் காலப் பிழையே இல்லை என்கிறேன். மறுப்பவர் உண்டா?

6 ஜனவரி, இரவு 10.40
உண்டு.

அம்பாசடர் 1950களின் பின்பாதியில் வந்த வண்டி. அதற்கு முன்னோடியான லேண்ட்மாஸ்டரே 1954இல்தான் வந்தது. அதை நீங்களே பிடித்துவிட்டீர்கள், போகட்டும். மற்றவை நினைவுக்கு வரும் வரிசையில்.

முதல் பகுதியில் இன்ஸ்பெக்டர் மவுண்ட் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கும்போது அவர் தோளுக்குப் பின்னால் எல்.ஐ.சி. கட்டடம் நிற்கிறது. அது திறக்கப்பட்டது 1959இல். எல்.ஐ.சி. என்ற நிறுவனமே 1956இல்தான் பிறந்தது. அவர் கடற்கரையில் நின்று யோசிக்கும் இடத்தில் கண்ணகி சிலம்பை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் அங்கே குடிவந்தது 1968இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது. மிரட்டல் கடிதத்தின் உறையில் ஆறு இலக்கப் பின்கோடு, அது 1972. போலீஸ் ஜீப்பில் ‘தமிழ்நாடு’, அது 1969. கான்ஸ்டபிளின் சட்டைப் பையில் பால்பாயின்ட் பேனா. கண்ணாடித் தம்ளரிலிருந்து கைரேகை எடுத்து ஆளைப் பிடிப்பது, அதுவும் 1952இல், நம் ஊரில். ஸ்டேஷன் வாசலில் ‘காவல் நிலையம், சென்னை’ என்று பலகை. 1996க்கு முன்னால் ஏது சென்னை? மெட்ராஸ் அல்லவா?

இன்னும் இருக்கிறது. தூக்கம் வருகிறது.

7 ஜனவரி, காலை
எழுந்ததும் முதல் வேலையாக இரண்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கைரேகை: நான் எழுதியது தவறு, வெட்கப்பட வேண்டிய தவறு. உலகிலேயே முதல் கைரேகை அலுவலகம் கல்கத்தாவில் 1897இல் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. எட்வர்டு ஹென்றியின் பெயரில் வழங்கும் அந்த வகைப்படுத்தும் முறைக்காக உட்கார்ந்து உழைத்தவர்களில் அஜிஸுல் ஹக், ஹேம்சந்திர போஸ் இருவரும் நம் நாட்டுக்காரர்கள். வெள்ளைக்காரனிடமிருந்து நமக்கு வந்த வித்தை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இங்கே பழகிக்கொண்டு அவன்தான் ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறான். ஆனால் ஒரே இரவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவது மட்டும் இன்னமும் எனக்குச் செரிக்கவில்லை. அட்டைகளைக் கையால் புரட்டிக் கண்ணால் ஒப்பிட வேண்டிய காலம் அது.

பால்பாயின்ட்: அமெரிக்காவில் 1945இலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆகவே கொலையுண்ட நகை வியாபாரியிடம் ஒன்று இருந்திருக்கலாம். கான்ஸ்டபிளிடம்? ம்ஹூம்.

7 ஜனவரி, மாலை
பலகை விஷயம். இதிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், வீட்டிலேயே.

என் அத்தைக்கு வயது 88. 1952இல் மயிலாப்பூரில் பள்ளி மாணவி. தொடரை என்னோடு உட்கார்ந்து ரசித்துப் பார்ப்பவர். நான் இங்கே எழுதியதைப் படித்துக் காட்டினேன். “யார் சொன்னது மெட்ராஸ் என்று? இங்கிலீஷில் பேசினால் மெட்ராஸ். தமிழில் எழுதினால் சென்னைதான். பேசும்போது பட்டணம். உன் தாத்தாவுக்கு வந்த தபாலை எல்லாம் நான்தானே வாங்கி வைப்பேன்? தமிழில் விலாசம் எழுதுகிறவர்கள் சென்னை-4 என்றுதான் எழுதுவார்கள்” என்றார்.

உண்மைதான். மாநிலத்தின் பெயரே தமிழ்ப் பத்திரிகைகளில் சென்னை மாகாணம், சென்னை ராஜ்யம் என்றுதான் வந்தது. 1996இல் மாறியது ஆங்கிலத்தில் எழுதும் பெயர். நம் பெயரை நாமே அவர்கள் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டோம். ‘சென்னை’ குறித்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

7 ஜனவரி, இரவு
திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. சொல் சரி, எழுத்து தவறு. ‘சென்னை’யில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் வரைக்கும் னை, லை, ளை, ணை நான்கும் தும்பிக்கை தூக்கி நின்றவை. றா, னா, ணா எல்லாம் சுழித்துக்கொண்டு கிடந்தவை. என் பள்ளிக்கூடக் கையெழுத்து முழுக்க அந்தத் தும்பிக்கைதான். வங்கிப் படிவத்தில் இன்றும் சில நேரம் கை தானாக அதை எழுதிவிடுகிறது, எதிரில் இருக்கும் பெண் ‘இது என்ன எழுத்து சார்’ என்று கேட்கிறாள். தொடரின் பலகையில் இருப்பது இன்றைய கணினி எழுத்து. ‘நிலையம்’ என்பதில் லை, ‘சென்னை’யில் னை, இரண்டும் 26 வருடம் முன்னதாகவே வந்து நிற்கின்றன.

தவிர, ‘காவல் நிலையம்’ என்ற சொல்லே அப்போது அந்தப் பலகையில் எங்கே? போலீஸ் ஸ்டேஷன்தான். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமே 1956இல்தான் வந்தது. அந்தச் சொற்கள் அலுவலகங்களில் பழகிக் கனிய அதற்குப் பிறகும் காலம் பிடித்தது. ஏழாம் பகுதியில் ஒருவர் ‘தடயவியல் துறைக்கு அனுப்பியிருக்கிறேன்’ என்கிறார். கெமிக்கல் எக்ஸாமினருக்கு என்றிருக்க வேண்டும். 1849இலிருந்து சென்னையில் இருந்த பதவி அது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் முன்னால் நம்மிடம் இருந்த ஒன்றைப் போய் எடுத்துவிட்டார்களே.

8 ஜனவரி
பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இந்தப் புதிய எழுத்துகளைக் கொண்டுவந்துவிட்டார் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். சரியான தகவல். ஆகவே ராஜாஜி முதலமைச்சராக இருந்த ஆண்டில் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் சுயமரியாதை இயக்கத்தில் தீவிரமாக இருந்து, தன் கைக்காசைப் போட்டுப் பலகை எழுதியிருந்தால் பிழை இல்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

9 ஜனவரி, இரவு
இப்போது பெரியது. கணக்குப் புத்தகம்.

பார்க்காதவர்களுக்கு: சௌகார்பேட்டை நகை வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகையை யாரோ திருத்தியிருக்கிறார்கள். 12.15 என்பதில் புள்ளிக்குப் பின் இருக்கும் 1 ஐ 7 ஆக்கி 12.75. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார், மையின் நிறம் வேறாக இருக்கிறது, குமாஸ்தா மாட்டிக்கொள்கிறான். முழுத் தொடரும் இந்த ஒரு புள்ளியில் தொங்குகிறது.

அந்தப் புள்ளி 1952இல் கிடையாது. தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைசா. கணக்கில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி போட்டு எழுதுவார்கள். பன்னிரண்டே முக்கால் ரூபாய் என்பது 12-12-0. 12.15 என்ற தொகையை எழுதவே முடியாது. போட்டுப் பார்த்தேன், 2 அணா 4.8 பைசா வருகிறது. அந்த .8 பைசாவை எந்தக் கல்லாவில் போடுவது?

அதோடு நின்றதா? அவர் மார்வாடி. கணக்கைத் தன் எழுத்தில் எழுதியிருப்பாரே தவிர முத்து முத்தான தமிழில் அல்ல. அதே புத்தகத்தில் நகையின் எடை ‘8 கிராம்’ என்று இருக்கிறது. மெட்ரிக் எடை 1958க்குப் பிறகு படிப்படியாக வந்தது. அப்போது தோலா, அல்லது பவுன். எட்டு கிராம் என்று யாராவது சொல்லியிருந்தால் கொலையே தேவைப்பட்டிருக்காது, குழம்பியே போயிருப்பார்.

திட்டுவது எளிது, வழி சொல்லுங்கள் என்பீர்கள். அணாப் பத்தியில் 1 ஐ 7 ஆக்கினால் லாபம் ஆறணா. அதற்காக யாரும் யாரையும் கொல்லமாட்டார்கள். ரூபாய்ப் பத்தியில் 1200ஐ 7200 ஆக்கியிருக்கலாம். இன்ஸ்பெக்டருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அவரும் சந்தேகத்துக்கு உரியவர். எத்தனை நல்ல காட்சி அது. சரியான தகவல் கதையைக் கெடுக்கவில்லை, கதைக்கு இன்னும் ஒரு முடிச்சைக் கொடுக்கிறது. இதுதான் என் ஆற்றாமை.

10 ஜனவரி
‘தலையில்லாத உடலை டிரங்குப் பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்றி அனுப்புவதெல்லாம் நம்பும்படியாகவா இருக்கிறது, இதை ஏன் சொல்லவில்லை’ என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐயா, தொடரிலேயே அப்படியே நடந்தது அது ஒன்றுதான். 1952 ஆகஸ்டு, ஆளவந்தார் கொலை வழக்கு. பேனா விற்பவர். போட் மெயிலில் கிடந்த பெட்டியில் உடல், மானாமதுரையில் கண்டெடுத்தார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னையே வேறு பேச்சில்லாமல் இருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து
அந்த வழக்கைச் சொன்னதும் இன்னொன்று. அது உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் நடந்தது. தொடரின் எட்டாம் பகுதியில் நீதிபதி தனியாக உட்கார்ந்து கேட்டுத் தனியாகத் தீர்ப்புச் சொல்கிறார். ஜூரிகள் எங்கே? துணை நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லையோ.

நீதிபதி சுத்தியலால் தட்டுவது காலப் பிழை அன்று. அது எந்தக் காலத்திலும் பிழை. நம் நீதிமன்றங்களில் சுத்தியலால் தட்டும் வழக்கம் இல்லை.

12 ஜனவரி, இரவு
மதுக்கூடம். இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், கோபம் ஆறட்டும் என்று. ஆறவில்லை.

நம் இன்ஸ்பெக்டர் மனைவியை இழந்தவர், ஆகவே குடிப்பார். பகுதி தவறாமல் ஓர் ஓட்டல் மதுக்கூடத்தில் உட்கார்ந்து, பணியாளர் ஊற்ற ஊற்ற, கண்ணாடிக் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்கிறார். பக்கத்து மேசைகளில் வேட்டி கட்டிய கூட்டம். பாட்டுக்கூட உண்டு.

மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுமைக்கும் வந்துவிட்டது. 1971 வரை விலகவில்லை. 1952இல் சென்னையில் பெர்மிட் இல்லாமல் குடித்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். பிடித்துக்கொண்டு போகிறவரே இவர்தான்!

என் அப்பா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் வரிசையாக வந்து நிற்பவர்களில் பாதிக்கு மேல் மதுவிலக்குக் கேஸ்தான் என்பார். கள்ளச்சாராயம் காய்ச்சியவன், கடத்தியவன், குடித்தவன், வார்னிஷ் குடித்துக் கண் போனவன். அபராதம் கட்டிவிட்டு, எழுதிய மை காய்வதற்குள் மறுபடி வந்து நிற்பவன். கான்ஸ்டபிள்களின் வேலை அது, அவர்களின் சில்லறை வருமானமும் அது என்று சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிலும் பார்ப்பார். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆன பிறகும் அப்படித்தான் பார்ப்பார்.

குடிக்கும் இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றால் 1952 போல ஒரு வருடம் கிடைக்குமா? கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க வேண்டும். சரக்கு தருபவன் அவரைத் தன் பிடியில் வைத்திருப்பான். கீழே வேலை பார்க்கும் ஏட்டுக்கு வாடை தெரியும், சொல்லமாட்டார், ஆனால் தெரியும் என்பது இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்த சோகத்தை அப்படியே கொண்டுவந்து நம் மேசைமீது வைத்திருக்கிறார்கள்.

13 ஜனவரி
இல்லை, பெண் சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றி நான் எழுதாமல் இருந்தது பயத்தால் அல்ல. மாநிலக் காவல்துறையில் பெண்கள் வந்தது 1973இல். ஆகவே பிழைதான். ஆனால் தொடரில் உருப்படியாக மூளை வேலை செய்யும் ஒரே பாத்திரம் அந்தப் பெண், நடிப்பும் அருமை. அவரை டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டராக வைத்திருந்தால் ஊர் ரகசியமெல்லாம் அவர் காதுக்குள் அல்லவா வந்து விழுந்திருக்கும்? துப்பறிய ஜீப் எதற்கு?

15 ஜனவரி
பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள். ஒரு பேரன் நான்காம் பகுதியை மறுபடி போட்டான். இரவுத் துரத்தல், மெரினாவில் கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை சுழன்று சுழன்று ஓடுகிறவன்மீது விழுகிறது. அழகாக எடுத்திருக்கிறார்கள். மெரினா விளக்கு 1977. அதுவரை ஒளி வந்தது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திலிருந்து. கொலைகாரன் ஓடுகிறான், அவனை விசாரிக்கப் போகும் நீதிமன்றத்தின் உச்சியிலிருந்து வெளிச்சம் வந்து வந்து அவனைத் தொடுகிறது. நானாக இருந்தால் அதற்காகவே அந்தக் காட்சியை எழுதியிருப்பேன். இதைச் சொன்னதற்குப் பேரன், ‘தாத்தா, நீங்கள் தனியாகப் பாருங்கள்’ என்றான்.

16 ஜனவரி, இரவு
‘இவ்வளவு குறை சொல்பவர் இரண்டு முறை ஏன் பார்த்தீர்கள்?’ நியாயமான கேள்வி.

ஸ்டேஷன் ரைட்டர் வரும் காட்சிகளுக்காக. அவர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, கூட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, எழுதி, மையொற்றும் தாளை வைத்துக் கையால் நீவிவிட்டு, அதைத் தூக்கிப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறார். யாரோ தெரிந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என் அப்பாவின் கை அது. முதல் முறை பார்த்தபோது நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

18 ஜனவரி
இரண்டு நாளாக வேறொன்று உறுத்துகிறது. இதுவரை நான் எழுதியதெல்லாம் இருக்கக்கூடாதவை இருப்பதைப் பற்றி. இருந்திருக்க வேண்டியவை இல்லாததை நான் பார்க்கவே இல்லை. பார்த்தவர் அத்தை. “ஊர் இவ்வளவு அமைதியாகவா இருந்தது? டிராம் எங்கே?” என்றார்.

சென்னையில் டிராம் நின்றது 1953 ஏப்ரலில். கதை நடக்கும் மாதங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பகுதியில் ஒரு டிராம் இல்லை. தண்டவாளம்கூட இல்லை. டிராம் செய்யப் பணம் யார் தருவார் என்று கேட்காதீர்கள். செய்யவே வேண்டாம். ஓட்டுநர் காலால் மிதிக்கும் அந்த மணியின் ஓசையை ஜன்னலுக்கு வெளியே இரண்டு முறை ஒலிக்கவிட்டால் போதும். அத்தைக்கு அந்த ஓசை இல்லாததுதான் குறை, எல்.ஐ.சி. கட்டடம் அவர் கண்ணில் படவே இல்லை.

இன்னும் பெரிய இல்லாமை ஒன்று. பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கியது 1952 அக்டோபர் 19. இறந்தது டிசம்பர் 15. இடம் மயிலாப்பூர். தொடரின் இன்ஸ்பெக்டர் குடியிருப்பதும் மயிலாப்பூர். தேதி திரையிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். எட்டுப் பகுதியில் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சென்னை யாருக்கு என்று ஊரே பிளந்து நின்ற மாதங்கள் அவை. பாதிக் கான்ஸ்டபிள்களாவது தெலுங்கு பேசியிருக்க மாட்டார்களா? (பாதி என்பது என் வாய்க்கு வந்தது, கணக்கு இல்லை.) தொடரில் எல்லோரும் ஒரே தமிழ் பேசுகிறார்கள், அதுவும் இன்றைய செய்தி வாசிப்பாளரின் தமிழ். டிசம்பரில் ஒரு நாள் பள்ளியிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்பா தெருவில் இறங்கக்கூடாது என்றார், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் அன்று விளக்கே ஏற்றவில்லை என்று அத்தை சொல்கிறார்.

6ஆம் தேதி நான் பின்கோடைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அது உறையின் மூலையில் இருக்கும் ஆறு இலக்கம்.

19 ஜனவரி
எழுத்துப் பிழை: ‘பன்னிரண்டு பைசா’ என்று 9ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அணாவுக்குப் பன்னிரண்டு பை. பைசா என்றால் நான்கு. ஆக, ‘.8 பைசா’வும் .8 பை. பிறர் கணக்கைத் திருத்த வந்தவனின் கணக்கு இது. யாரும் கவனிக்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஏமாற்றம்.

22 ஜனவரி
இரண்டாம் பருவம் வரப்போகிறதாம். 1964 டிசம்பர், ராமேசுவரம், புயல் இரவு, தனுஷ்கோடிக்குப் போகும் ரயிலில் ஒரு கொலையாளி. அந்த ரயில் என்ன ஆனது என்பது தெரிந்தவர்களுக்கு அதைக் கொலைக் கதையாகப் பார்க்க மனம் வருமா, தெரியவில்லை. ஆனால் பார்ப்பேன். 1964 என் சொந்த வருடம், எனக்குப் பதினான்கு வயது. அப்பாவையும் அத்தையையும் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அதில் யாராவது ‘நயா பைசா’ என்றால் உடனே இங்கே ஓடிவந்து பிழை என்று எழுதாதீர்கள். 1964 ஜூன் 1ஆம் தேதி நாணயத்தின் பெயரிலிருந்து ‘நயா’வை எடுத்துவிட்டார்கள். எங்கள் வாயிலிருந்து எடுக்கவில்லை. நான் அதற்குப் பிறகும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.